ஊசிக்கு முன் வரும் கேள்வி: தென்னாப்பிரிக்கச் செவிலியரும் தடுப்பூசி வதந்திகளும்

தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற வதந்தி உலகில் பல நாடுகளில் உலவுகிறது. தென்னாப்பிரிக்காவில் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்துவிட முடியாது. நிறவெறி அரசு 1981இல் 'புராஜெக்ட் கோஸ்ட்' என்ற பெயரில் ரகசியமாக ஒரு ரசாயன, உயிரியல் ஆயுதத் திட்டத்தைத் தொடங்கியது. 1998இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அதை விசாரித்தபோது, ராணுவத்தின் பினாமி நிறுவனமாக இயங்கிய ஓர் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளே வந்து சாட்சி சொன்னார்கள். கறுப்பினப் பெண்களுக்குத் தெரியாமலே அவர்கள் கருத்தரிப்பதைத் தடுக்கும் ஒரு மருந்துக்காக அங்கே ஆராய்ச்சி நடந்தது என்பது அந்தச் சாட்சியங்களில் வெளிவந்தது. அப்படியொரு மருந்து உருவாகி யாருக்கும் போடப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அந்த எண்ணம் இருந்தது. அதற்குப் பணமும் ஆய்வகமும் இருந்தன. அதே காலத்தில் டெப்போ புரோவேரா என்ற கருத்தடை ஊசி, போதிய விளக்கமும் சம்மதமும் இல்லாமல் கறுப்பினப் பெண்கள் பலருக்குப் போடப்பட்டது.

அன்று இளம்பெண்ணாக அந்த ஊசியைப் பெற்றவர் இன்று பாட்டி. பேரக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "இந்த ஊசியில் என்ன இருக்கிறது?" என்று அவர் கேட்டால், அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை முதலில் எதிர்கொள்பவர் சுகாதார அமைச்சரோ, பேராசிரியரோ, தொலைக்காட்சியில் பேசும் வல்லுநரோ அல்லர். கையில் ஊசியோடு நிற்கும் செவிலியர்தான்.

இந்த நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் பெரும்பாலும் செவிலியர்களாலேயே நடக்கின்றன. நோயாளிகள் அவர்களை 'சிஸ்டர்' என்று அழைக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசியும் போலியோ சொட்டும் போட்டு அனுப்புகிறார்கள். பிறகு 6, 10, 14 வாரங்களில் வர வேண்டும். அதன்பின் 6, 9, 12, 18 மாதங்களில். ஆக, குழந்தைக்கு ஒன்றரை வயது முடிவதற்குள் தாய் ஏழு முறை கிளினிக் படியேறுகிறாள். ஒவ்வொரு முறையும் 'ரோடு டு ஹெல்த்' கையேட்டில் எடை எழுதப்படுகிறது, அடுத்த தேதி குறிக்கப்படுகிறது. அரசு அமைப்பில் வேறு எவரும் ஒரு குடும்பத்தை இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு முறை சந்திப்பதில்லை. வதந்தியை எதிர்கொள்ளச் செவிலியருக்கு இருக்கும் உண்மையான பலம் இதுதான். மருத்துவ அறிவு புத்தகத்திலும் கிடைக்கும். அடுத்த மாதமும் அதே மேசைக்குப் பின்னால் இருக்கப்போகிற ஒரு முகம் புத்தகத்தில் கிடைக்காது.

பொய்த் தகவல் எப்போதும் வெளியிலிருந்து வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே அது ஒருகாலத்தில் அரசின் உச்சியிலிருந்தே வந்தது. 2000 ஜூலையில் டர்பனில் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு நடந்தது. எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி. கிருமிதான் என்பதை உறுதிப்படுத்தி, 5,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்திட்ட 'டர்பன் பிரகடனம்' அப்போது வெளியானது. இவ்வளவு அடிப்படையான ஓர் உண்மைக்குக் கையெழுத்து திரட்ட வேண்டிய நிலைக்குக் காரணம், குடியரசுத் தலைவர் தாபோ உம்பெக்கி அதையே சந்தேகித்துப் பேசிவந்ததுதான். அவருடைய சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-சிமாங், தாமே மருத்துவராக இருந்தும், பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் பரிந்துரைத்தார். 2000 முதல் 2005 வரை உரிய மருந்து கொடுக்காமல் தாமதித்ததால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள்.

அந்தக் காலத்தை மாற்றியதில் நீதிமன்றத்துக்கும் போராட்டக்காரர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. கிருமி தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைத் தர வேண்டும் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. ஆனால் மக்கள் மனத்தில் மருந்தின் மீது நம்பிக்கை ஊன்றியது கிளினிக்குகளில்தான். 2010 முதல் எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்கும் பொறுப்பு பயிற்சி பெற்ற செவிலியர்களிடமே தரப்பட்டது. எலும்பும் தோலுமாக வந்தவர் சில மாதங்களில் உடல் தேறி வேலைக்குத் திரும்புவதை ஊரே பார்த்தது. இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறார்கள். அமைச்சரின் பீட்ரூட்டைத் தோற்கடித்தது எந்த விளம்பரப் பலகையும் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். பின்னால் வந்த தடுப்பூசிக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள இந்த அனுபவத்தை மறக்கக்கூடாது.

கோவிட் தடுப்பூசி இங்கே வந்த விதமே குழப்பத்துக்கு வழி செய்தது. 2021 பிப்ரவரி 1 அன்று இந்தியாவின் சீரம் நிறுவனத்திலிருந்து 10 லட்சம் ஆஸ்ட்ராஜெனெகா ஊசிகள் ஜோகன்னஸ்பர்க்கில் வந்திறங்கின. குடியரசுத் தலைவர் சிரில் ராமபோசாவே விமான நிலையத்துக்குச் சென்று வரவேற்றார். ஒரே வாரத்தில், பிப்ரவரி 7 அன்று, திட்டம் நிறுத்தப்பட்டது. உள்நாட்டில் சுமார் 2,000 பேரிடம் நடந்த சோதனையில், அப்போது பரவிக்கொண்டிருந்த பீட்டா வகைக் கிருமியால் வரும் லேசான, நடுத்தர நோயை அந்த ஊசி பெரிதாகத் தடுக்கவில்லை என்று தெரியவந்திருந்தது. பிப்ரவரி 17 அன்று ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசி, 'சிசோன்கே' என்ற ஆய்வின் வழியாக சுகாதாரப் பணியாளர்களுக்குப் போடப்படத் தொடங்கியது. கேப் டவுனின் கயலிட்ஷா மருத்துவமனையில் முதல் ஊசி போட்டுக்கொண்டவர் ஒரு செவிலியர். ராமபோசாவும் அன்று அங்கேயே போட்டுக்கொண்டார். ஏப்ரல் 13 அன்று அதுவும் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் 68 லட்சம் பேருக்குப் போட்டபின் ஆறு பெண்களுக்கு அரிதான ரத்த உறைவு வந்ததே காரணம். ஆராய்ந்து பார்த்து, ஏப்ரல் 28 அன்று மீண்டும் தொடங்கினார்கள்.

ஒரு விஞ்ஞானிக்கு இந்த நிகழ்வுகள் அமைப்பு விழிப்பாக வேலை செய்வதன் அடையாளம். வரிசையில் நிற்பவருக்கு அப்படித் தெரியாது. "நேற்று நல்லது என்றார்கள், இன்று வேண்டாம் என்கிறார்கள், நாளை மறுபடியும் நல்லது என்பார்களா?" என்றுதான் தோன்றும். இந்தக் கேள்விக்கு முகத்துக்கு முகம் பதில் சொன்னவர்களும் செவிலியர்களே. அதிலும், தாங்களே அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, கையில் வலியோடும் மனத்தில் கவலையோடும் இருந்த செவிலியர்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த ஏப்ரல் மாதம் இரட்டைச் சோதனை. ஜான்சன் ஊசி நிறுத்தப்பட்ட அதே வாரத்தில், ஏப்ரல் 15 அன்று, நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில், மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் கோவாக்சின் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி காலமானார். இதயத்தின் முக்கிய ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதிப்புகளை ஆராயும் இந்தியத் தேசியக் குழுவும் மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று பின்னர் முடிவு செய்தது. ஆனால் அந்த முடிவு வருவதற்குள் செய்தி கடல் கடந்துவிட்டது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததிலிருந்து கணக்கிட்டால், இங்குள்ள தமிழரின் வரலாறு 160 ஆண்டுகளைத் தாண்டுகிறது. வீட்டில் தமிழ் பேசும் முதியோர் குறைந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் வளர்கிறார்கள். என்றாலும் தமிழ்ப் படமும் தமிழ்ப் பாட்டும் வீட்டில் ஓடுகின்றன. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கும் கோயில் பணிக்கும் வந்தவர்களின் கைப்பேசிக்கு ஊரிலிருந்து குரல் பதிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன.

டர்பனில் இந்தியர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு முதியவர் "விவேக்கையே கொன்றுவிட்டதே" என்று சொன்னால், எதிரே இருக்கும் சூலு இனச் செவிலியருக்கு அந்தப் பெயரே தெரியாமல் போகலாம். அந்தப் பெயர் ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பதும் தெரியாது. தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த ஒரு செவிலியர் அங்கே இருந்தால் பேச்சே வேறு விதமாகப் போகும். "எனக்கும் அழுகை வந்தது, ஆயா" என்று அவரால் உண்மையாகவே தொடங்க முடியும். பிறகு, விவேக் போட்டுக்கொண்டது இங்கே போடப்படாத வேறொரு ஊசி என்று சொல்லலாம். அறுபது வயதைத் தாண்டியவர்கள் லட்சக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்ளும்போது, ஊசியே இல்லாவிட்டாலும் அந்த நாட்களில் மாரடைப்பு வந்திருக்கக்கூடிய சிலரும் அவர்களில் இருப்பார்கள் என்று விளக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததற்கும், ஒன்றினால் ஒன்று நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முதியவருக்குப் புரியவைப்பது கடினமே அல்ல. தமக்கு மரியாதை கிடைக்கிறது என்று அவர் உணர்ந்தால் போதும்.

வதந்தி வரும் வழி ஒன்றல்ல. 2020 டிசம்பரில், நாட்டின் அன்றைய தலைமை நீதிபதியே ஒரு மருத்துவமனை நிகழ்ச்சியில், சாத்தானிடமிருந்து வந்த தடுப்பூசி எதுவும் இருந்தால் அது அழியட்டும் என்று பிரார்த்தனை செய்தார். இங்குள்ள தமிழ், தெலுங்குக் குடும்பங்களில் கணிசமானோர் பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பிரார்த்தனையின் மொழி மிகவும் பழகிய மொழி. 2021 ஜனவரியில் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கைப்பேசிக் கோபுரங்கள் தீயிடப்பட்டன. 5ஜி அலைவரிசைதான் கோவிட்டைப் பரப்புகிறது என்ற பேச்சு அப்போது பரவியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் அரசியல் காரணத்தால் வெடித்த கலவரத்தில் மருந்துக் கடைகள் சூறையாடப்பட்டன, தடுப்பூசி மையங்கள் மூடப்பட்டன. ஃபீனிக்ஸுக்கும் அதை அடுத்துள்ள கறுப்பினக் குடியிருப்புகளுக்கும் இடையில் ரத்தம் சிந்தியது. அந்த வாரங்களுக்குப் பின் இந்தியச் செவிலியர் கறுப்பினத் தாயிடமும், கறுப்பினச் செவிலியர் இந்தியத் தாயிடமும் "என்னை நம்புங்கள்" என்று சொல்வதன் கனத்தை நினைத்துப் பாருங்கள்.

ஃபீனிக்ஸ் என்றதும் நம்மவர்களில் பலர் மறந்துவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே 1904இல் குடியிருப்பு அமைத்து 'இந்தியன் ஒப்பீனியன்' இதழை நடத்திய காந்தி, 1913இல் அந்த இதழில் எழுதிய உடல்நலத் தொடரில் பெரியம்மைத் தடுப்பூசியைக் கடுமையாக எதிர்த்தார். குற்றமற்ற விலங்கின் நஞ்சேறிய குருதியை மனித உடலில் ஏற்றுவது அறத்துக்கும் சமயத்துக்கும் எதிரானது என்பது அவர் வாதம். அதே காந்திதான் 1904இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிளேக் பரவியபோது இந்தியத் தொழிலாளர்களுக்கு அருகில் இருந்து பணிவிடை செய்தவர். நோயாளிகளிடம் அவருக்கிருந்த அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. தடுப்பூசியைப் பற்றி அவர் சொன்னது தவறு. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டதற்குத் தடுப்பூசியே காரணம். இன்று ஃபீனிக்ஸில் அவர் பெயரைத் தாங்கி ஓர் அரசு மருத்துவமனை நிற்கிறது. ஊசியை மறுக்கிற எல்லோரையும் முட்டாள் அல்லது கெட்டவர் என்று தள்ளிவிடும் பழக்கம் நமக்கு வரும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்கிறேன். சமயமும் தூய்மை உணர்வும் வெள்ளை அரசின் வற்புறுத்தலின் மீதிருந்த வெறுப்பும் சேர்ந்து ஒரு பெரிய மனத்தையே அந்தப் பக்கம் தள்ளின என்றால், கிளினிக்குக்கு வரும் சாதாரணக் குடும்பத்தைத் தள்ளாதா?

சமயம் என்னும்போது மாரியம்மனை விட்டுவிட்டுப் பேச முடியாது. இசிப்பிங்கோ ரெயில் மாரியம்மன் கோயிலின் ஈஸ்டர் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அம்மன் இந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறாள் என்பது தெரியும். ஆடி மாதத்தில் ஊர் ஊராகக் கூழ் ஊற்றுகிறார்கள். குழந்தைக்கு உடம்பில் தடிப்பு வந்தால், வாசலில் வேப்பிலை கட்டி, வீட்டில் கவிச்சி சமைக்காமல், வெளியாரை உள்ளே விடாமல், குளிர்ச்சியான உணவு கொடுத்து, இறங்கியபின் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. இதில் பெரும்பகுதி தீங்கற்றது, சில பயனுள்ளவை. வெளியாரை உள்ளே விடாமலிருப்பது தனிமைப்படுத்துதலே அல்லவா! தட்டம்மை மிக வேகமாகப் பரவும் நோய்களில் ஒன்று. தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பக்கூடும்.

ஆனால் செவிலியருக்கு எது தீங்கற்றது, எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். வேப்பிலை கட்டுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டினால் மூளையும் ஈரலும் பாதிக்கப்படலாம், உயிரே போகலாம். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று, மூச்சு வாங்கும் குழந்தையை வீட்டிலேயே வைத்திருப்பதும் ஆபத்து. தட்டம்மையில் குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் பின்னால் வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும்தான். வைட்டமின் ஏ மருந்தை அடுத்தடுத்த இரண்டு நாட்கள் கொடுத்தால் இறப்பும் கண் பாதிப்பும் குறைகின்றன. அது கிளினிக்கில் கிடைக்கிறது. "பூசையை நிறுத்தச் சொல்லவில்லை, அம்மா. வேப்பிலையும் இருக்கட்டும். குழந்தையை இன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லத் தெரிந்த செவிலியரிடம் அந்தக் குடும்பம் அடுத்த குழந்தையின் தடுப்பூசிக்கும் வரும். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டவரிடம் வராது. கோயில் நிர்வாகிகளும் பூசாரிகளும் இதில் செய்யக்கூடியது அதிகம். திருவிழாப் பந்தலில் ஓர் ஓரமாகச் செவிலியருக்கு ஒரு மேசை போட்டுக்கொடுப்பது பெரிய செலவில்லை.

தட்டம்மை பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2009 முதல் 2011 வரை இந்த நாட்டில் ஆய்வகத்தில் உறுதியான தொற்றுகள் மட்டும் 18,000க்கு மேல். 2020இல் ஊரடங்கால் வழக்கமான தடுப்பூசிகள் பல குழந்தைகளுக்குத் தவறின. 2022இல் எல்லைக்கு அப்பால் ஜிம்பாப்வேயில், தடுப்பூசியை ஏற்காத சில திருச்சபைகளின் நடுவே நோய் பரவி சுமார் 700 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அந்த எல்லையை ஒட்டிய லிம்போப்போ மாகாணத்தில் பரவல் அறிவிக்கப்பட்டு, அடுத்த மாதங்களில் மற்ற மாகாணங்களுக்கும் சென்றது. நோயைக் கட்டிவைக்க 100 பேரில் 95 பேருக்கு இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். மிச்சமிருக்கும் சிறு இடைவெளி வழியாகவே அது நுழைந்துவிடுகிறது.

ஒரு தாய் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "சிஸ்டர், இந்த ஊசியால் ஆட்டிசம் வருமாமே?" என்று கேட்கிறாள். உடனே வாயில் வருவது "அதெல்லாம் பொய்" என்பதுதான். அது உண்மையும்கூட. 1998இல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளை வைத்து வெளியிட்ட கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவர் பதிவும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடவில்லை என்று காட்டியது. ஆனால் இவற்றை அப்படியே கொட்டிவிடுவது வேலைக்காகாது. 2014இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்ற விளக்கத்தைப் படித்த பெற்றோர் அந்தத் தொடர்பை முன்பைவிடக் குறைவாகவே நம்பினார்கள். ஆனால் ஏற்கெனவே தடுப்பூசி மீது கசப்போடு இருந்தவர்களின் மனம், ஊசி போடும் பக்கம் வராமல் இன்னும் விலகிப்போனது. தகவல் தலையில் ஏறியது. பயம் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

ஆகவே நல்ல செவிலியர் முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்: "எங்கே கேள்விப்பட்டீர்கள், அம்மா? எது உங்களுக்குப் பயமாக இருக்கிறது?" பல நேரம் உண்மையான காரணம் வேறாக இருக்கும். அக்காள் மகனுக்குப் பேச்சு வர தாமதமாகியிருக்கும். மாமியார் ஏதோ சொல்லியிருப்பார். போன முறை ஊசிக்குப் பின் குழந்தை இரவெல்லாம் காய்ச்சலில் அழுதிருக்கும், யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்ற கோபம் இருக்கும். அதைக் கேட்டபின் சொல்லும் பதில் சுருக்கமாக இருக்கலாம். உண்மையைச் சொல்லி, பொய் எங்கிருந்து வந்தது என்பதை ஒரே வரியில் தொட்டு, மறுபடி உண்மைக்கே வந்துவிட வேண்டும். வதந்தியையே நீட்டி முழக்கி மறுத்தால், கேட்பவர் காதில் வதந்திதான் மிஞ்சும். திரும்பத் திரும்பக் கேட்டது உண்மையாகத் தோன்றுவது மனித மனத்தின் இயல்பு.

பக்க விளைவை மறைப்பது எல்லாவற்றிலும் மோசமான தவறு. தட்டம்மை ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும் என்று முன்பே சொல்லிவிட்டால், அது வரும்போது தாய் "சிஸ்டர் சொன்னார்" என்று நினைப்பாள். சொல்லாமல் விட்டால் "மறைத்துவிட்டார்" என்று நினைப்பாள். அதே காய்ச்சல்தான். 2022 ஆகஸ்டில், ஜான்சன் ஊசிக்குப் பின் கியான்-பாரே நரம்புக் கோளாறால் ஒருவர் இறந்தது அந்த ஊசியோடு தொடர்புடையதே என்று தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் வெளிப்படையாக அறிவித்தது. நாட்டில் அதுவரை சுமார் 90 லட்சம் ஜான்சன் ஊசிகள் போடப்பட்டிருந்தன. அந்த அறிவிப்பைச் சிலர் ஆயுதமாக்கினார்கள். என்றாலும் அதை வெளியிட்டது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. மறுநாள் கிளினிக்கில் "ஆமாம், நடந்தது. 90 லட்சத்தில் ஒன்று. கண்டுபிடித்ததும் சொல்லிவிட்டார்கள்" என்று ஒரு செவிலியரால் தலை நிமிர்ந்து சொல்ல முடிந்தது. கண்டுபிடித்தும் மறைத்திருந்தால் அவரிடம் சொல்ல எதுவுமே இருந்திருக்காது.

செவிலியரும் தாயும் சந்திக்காத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்குப் பள்ளித் தடுப்பூசி ஓர் உதாரணம். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 2014இல் அரசுப் பள்ளிகளில் நான்காம் வகுப்புச் சிறுமிகளுக்குத் தொடங்கியது. செவிலியர் குழுக்கள் பள்ளி பள்ளியாகச் சென்று முதல் சுற்றிலேயே 3,50,000க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்குப் போட்டன, பெரிய சாதனை. ஆனால் பெற்றோருக்குப் போவது புத்தகப் பையில் ஒரு சம்மதப் படிவம் மட்டும். ஒன்பது வயது மகளுக்கு, பாலுறவால் பரவும் கிருமிக்கு எதிராக ஏன் இப்போதே ஊசி என்ற கேள்வி எந்தத் தாய்க்கும் வரும். நம் குடும்பங்களில் அதை வாய்விட்டுக் கேட்கவே கூச்சம். கிருமி உடலில் நுழைவதற்கு முன் போட்டால்தான் பயன் என்பதும், சிறு வயதில் உடல் இன்னும் வலுவாக எதிர்ப்பாற்றலை உருவாக்கும் என்பதும் இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காவிட்டால் படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பி வருகிறது.

செவிலியர்களுக்கே தயக்கம் இருப்பதையும் மூடி மறைக்கக்கூடாது. அவர்களும் அதே வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறார்கள். அதே சபைக்கும் அதே கோயிலுக்கும் போகிறார்கள். 2021இல் சக ஊழியர்களைப் புதைத்துவிட்டு அடுத்த நாள் வேலைக்கு வந்தவர்கள். சீருடை போட்டதால் கேள்விகள் மறைந்துவிடாது. மேலிடம் அவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புகிறது. அவர்களுடைய சந்தேகத்தைக் கேட்க உட்காருவது குறைவு. தயக்கத்தோடு ஊசி போடும் கையை மக்கள் உடனே கண்டுகொள்வார்கள். மாறாக, "எனக்கும் யோசனை இருந்தது, இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், பிறகு போட்டுக்கொண்டேன், என் பிள்ளைகளுக்கும் போட்டேன்" என்று சொல்லும் செவிலியரின் பேச்சுக்கு ஈடான பிரச்சாரம் எதுவும் இல்லை. அந்தப் பேச்சு வர வேண்டுமானால், அவர் பயமில்லாமல் கேள்வி கேட்கும் இடம் முதலில் மருத்துவமனைக்குள் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே? விடியற்காலையிலேயே வரிசை சேர்ந்துவிடுகிற கிளினிக்கில், அன்றைக்கு எத்தனை ஊசி போடப்பட்டது என்பது பதிவேட்டில் ஏறுகிறது. எத்தனை பேரிடம் பேசிப் புரியவைத்தார் என்பது எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. பத்து நிமிடம் பேசி ஒரு தாயின் மனத்தை மாற்றிய செவிலியர், காகிதத்தில் வேகம் குறைந்தவராகத் தெரிகிறார். இது அநியாயம். வதந்தியை ஒழிப்பது முக்கியம் என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்தப் பத்து நிமிடத்துக்குப் பணியிடமும் சம்பளமும் ஒதுக்கட்டும். இன்னொன்று: இரண்டு ஷேர் டாக்சி மாறி, ஒரு நாள் கூலியை இழந்து வந்த தாயிடம் "மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்ல நேர்ந்தால், எந்த வதந்தியாளரும் செய்ய முடியாத கெடுதலை அந்தக் கையிருப்புக் குறைவு செய்துவிடும். ஊசி தவறிய குழந்தைகள் எல்லோரையும் பொய்த் தகவலின் கணக்கில் எழுதுவது, பேருந்துக் கட்டணத்தையும் விடுப்பு தராத முதலாளியையும் தப்பவிடுவதாகும்.

எல்லாம் செய்தும் சில தாய்மார் மறுத்துவிட்டுப் போவார்கள். அப்போது திட்டி அனுப்பும் செவிலியர், அந்தக் கையேட்டை மறுபடி பார்க்கப்போவதில்லை. குழந்தையின் எடையைப் பார்த்து, வேறு ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டு, "யோசித்துப் பாருங்கள், எந்த நாள் வந்தாலும் போடுகிறேன்" என்று அடுத்த தேதியை எழுதிக்கொடுப்பவருக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. 6 மாதத்தில் தவறிய தட்டம்மை ஊசியைப் பிறகு வரும்போது போடலாம். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதில்லை. மறுத்துவிட்டுப் போன தாய்க்கு இது தெரியாமல், இனிமேல் போனால் திட்டுவார்கள் என்றே வராமல் இருந்துவிடுவதும் உண்டு. ஆகவே அவள் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே அதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.